போருக்கு இரண்டு முறை ‘இல்லை’ என்றவர்

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்வான முதல் பெண் ஜெனட் ரேங்கின். 1916 நவம்பரில் அவர் வென்றபோது, அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் பெண்களுக்கு முழு வாக்குரிமையே கிடையாது. ஓட்டுப் போட முடியாத லட்சக்கணக்கான பெண்களுக்கும் சேர்த்தே அவர் சபைக்குள் நுழைந்தார்.

மொன்டானாவின் மிசூலா நகருக்கு அருகே 1880 ஜூன் 11-இல் ஒரு பண்ணைக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார். 1902-இல் மொன்டானா பல்கலைக்கழகத்தில் உயிரியல் பட்டம் பெற்று, பிறகு நியூயார்க்கில் சமூகப்பணி பயின்றார். ஏழைகளின் துயரைத் தீர்க்கச் சட்டம் மாற வேண்டும், அதற்குப் பெண்கள் கையில் ஓட்டு வேண்டும் என்ற முடிவுக்கு வந்து வாக்குரிமை இயக்கத்தில் இறங்கினார். ஊர் ஊராகச் சென்று அவர் செய்த பிரசாரத்துக்கு 1914-இல் பலன் கிடைத்தது. மொன்டானா பெண்கள் வாக்குரிமை பெற்றனர். இரண்டே ஆண்டுகளில், தம்பி வெலிங்டனின் துணையோடு குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்று பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார்.

அவர் பதவியேற்ற 1917 ஏப்ரல் 2 அன்றே, ஜெர்மனிமீது போர் அறிவிக்கும்படி அதிபர் வுட்ரோ வில்சன் காங்கிரசைக் கேட்டுக்கொண்டார். எதிர்த்து வாக்களித்தால் பெண்களுக்கு அரசியல் ஒத்துவராது என்பார்கள், வாக்குரிமைக் கோரிக்கையே கெட்டுவிடும் என்று இயக்கத் தோழியர் பலர் அஞ்சினர். ரேங்கின் அசையவில்லை. தீர்மானம் 373-க்கு 50 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்தவர்களில் 49 பேர் ஆண்கள். வசவு மட்டும் பெரும்பாலும் அவர் தலையில்தான் விழுந்தது.

அதே ஆண்டு ஜூனில் பியூட் நகரச் சுரங்கத் தீ விபத்தில் 168 பேர் மாண்டபோது, முதலாளிகளைப் பகைத்துக்கொண்டு தொழிலாளர் பக்கம் நின்றார். 1918 ஜனவரியில் பெண்கள் வாக்குரிமைத் திருத்தம் பற்றிய விவாதத்தைச் சபையில் தொடங்கிவைத்தவரும் அவரே. அன்று சபையில் நிறைவேறிய திருத்தம் செனட்டில் தோற்றது. 1920-இல்தான் நாடு முழுவதற்கும் சட்டமானது. இதற்கிடையே மொன்டானாவின் தொகுதி எல்லைகள் மாற்றப்பட்டதால், 1918-இல் அவர் செனட்டுக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அடுத்த இருபது ஆண்டுகளும் அமைதி இயக்கங்களிலேயே கழிந்தன.

1940-இல், அறுபதாம் வயதில், மீண்டும் வென்றார். பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட மறுநாள், 1941 டிசம்பர் 8 அன்று, ஜப்பான்மீது போர் அறிவிக்கும் தீர்மானம் சபைக்கு வந்தது. பேச எழுந்தவருக்குச் சபாநாயகர் சாம் ரேபர்ன் வாய்ப்பளிக்கவில்லை. ஆதரவு 388, எதிர்ப்பு 1. அந்த ஒற்றை ஓட்டு ரேங்கினுடையது. கொதித்தெழுந்த கூட்டத்திடமிருந்து தப்ப அவர் தொலைபேசிக் கூண்டுக்குள் ஒதுங்கினார். காவலர்கள்தான் அவரைப் பத்திரமாக அலுவலகத்தில் சேர்த்தனர். நாடு தாக்கப்பட்ட நிலையில் அந்த ஓட்டு சரிதானா என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அதன் விலை தெரிந்தே அவர் அதைப் போட்டார் என்பதில் ஐயமில்லை. 1942-இல் அவர் போட்டியிடவே இல்லை.

காந்தியின் வழிமுறையை அறியும் ஆர்வத்தோடு 1946 முதல் 1971 வரை ஏழு முறை இந்தியா வந்தார். 1968 ஜனவரியில், எண்பத்தேழு வயதில், வியட்நாம் போரை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்களை வாஷிங்டனில் அணிவகுத்து நடத்திச் சென்றார். 1973 மே 18-இல் கலிஃபோர்னியாவில் காலமானார். 2024 தேர்தல் வரை, மொன்டானாவிலிருந்து காங்கிரசுக்குத் தேர்வான ஒரே பெண் அவர்தான்.