பிஷப் பதவியை உதறிய பாதிரியார்

1685ஆம் ஆண்டு மே மாதம் 30ந் தேதி. லண்டனில் ஒரு நீதிமன்றம். விசாரணைக்கு நிறுத்தப்பட்டவருக்கு வயது 69. நோயில் அடிபட்டு மெலிந்த சரீரம். அவர் வாய் திறந்த போதெல்லாம் தலைமை நீதிபதி ஜெப்ரீஸ் சீறி விழுந்தார். அவருக்காக எழுந்த வக்கீல்களுக்கும் அதே மரியாதைதான்!

கிழவர் செய்த குற்றம் என்ன? புதிய ஏற்பாட்டுக்கு உரை எழுதினார். அதில் சில இடங்கள் பிஷப்புகளைச் சாடுகின்றன, ஆகவே அது அரசுக்கு விரோதமான எழுத்து என்பது வழக்கு. ஜூரிகள் "குற்றவாளி" என்றார்கள். அபராதம் 500 மார்க், அதாவது சுமார் 333 பவுன். கட்டும் வரை சிறை.

இந்தக் கிழவருக்குத்தான் 25 வருஷங்களுக்கு முன்னால் பிஷப் பதவியையே கொடுக்க முன்வந்தது அரசாங்கம். பெயர் ரிச்சர்டு பாக்ஸ்டர்.

இங்கிலாந்துச் சபை போப்பாண்டவரை விட்டு விலகிய பிறகும் பழைய சடங்குகள் சில பாக்கி நின்றன. அவற்றையும் களைய வேண்டும் என்று வாதாடியவர்கள் 'பியூரிட்டன்'கள். தூய்மைக்காரர் என்று கேலிக்கு வைத்த பெயர், அப்படியே நிலைத்துவிட்டது. அந்தக் கூட்டத்தின் பெரிய வேத அறிஞர்களில் ஒருவர் பாக்ஸ்டர். இத்தனைக்கும் சர்வகலாசாலையில் படித்தவரல்ல. 1615இல் ஷ்ராப்ஷயரில் பிறந்து, கிடைத்த புத்தகங்களைத் தானே படித்துத் தேறியவர். வாலிபத்திலிருந்தே இருமல், வயிற்றுக் கோளாறு, ரத்தப்போக்கு. நாளை இருப்போமா என்ற சந்தேகத்துடனேயே 76 வயது வரை வாழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை எழுதித் தள்ளினார்!

தறி முன்னால் புத்தகம்

பிற்காலத்தில் கம்பளத்துக்குப் பேர்போன கிட்டர்மின்ஸ்டர், அந்நாளில் சாதாரணத் துணி நெசவு செய்த ஏழைகளின் ஊர். 1641இல் பாக்ஸ்டர் அங்கே பிரசங்கியாராக வந்தார். மறு ஆண்டே மன்னருக்கும் பார்லிமெண்டுக்கும் யுத்தம். ஊரை விட்டு வெளியேறி, பார்லிமெண்டுப் படையில் குருவாகக் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பினார்.

பிரசங்க மேடையில் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறவரல்ல அவர். ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் சுமார் 800 குடும்பங்கள். அவரும் உதவியாளரும் வாரந்தோறும் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பதினைந்து பதினாறு குடும்பங்களைத் தனித்தனியே உட்கார வைத்துப் பேசுவார்கள். என்ன புரிந்தது, என்ன புரியவில்லை, வீட்டில் என்ன கஷ்டம் என்று விசாரிப்பார்கள். இப்படி ஒரு வருஷத்தில் ஊர் முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். ஊரில் டாக்டர் இல்லாததால் சில வருஷங்கள் வைத்தியமும் அவரே பார்த்தார். வாசலில் இருபது பேர்கூடக் காத்திருப்பார்களாம். கை நீட்டி ஒரு காசு வாங்கியதில்லை. தம் புத்தகங்களுக்குக் கூலியாகப் பதிப்பாளரிடம் பிரதிகளையே வாங்கி, ஏழை வீடுகளுக்குக் கொடுத்தார்.

நெசவு நல்ல தொழில், தறியில் நின்றபடியே எதிரில் புத்தகத்தை வைத்துப் படிக்கலாம் என்பது அவருடைய அபிப்பிராயம். கூட்டம் தாங்காமல் தேவாலயத்துக்குள் ஐந்து மாடங்கள் கட்ட நேர்ந்தது.

ஆனால் எந்தக் கட்சிக்கும் அவர் பிள்ளையாக இல்லை. பார்லிமெண்டுப் பக்கம் நின்றவர், மன்னரின் தலையை வெட்டியதை ஏற்கவில்லை. மன்னராட்சி நல்லதே என்று கிராம்வெல்லின் முகத்துக்கு நேரே சொன்னார். 1660இல் இரண்டாம் சார்லஸ் பட்டத்துக்கு வந்ததும், ஹெரிபோர்டு பிஷப் பதவி அவரைத் தேடி வந்தது. வேண்டாம் என்றார். கிட்டர்மின்ஸ்டருக்குத் திரும்ப அனுமதி போதும் என்றார். சம்பளம் இல்லாமல் உதவிக் குருவாகக்கூட இருக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தார். பிஷப்பாக இருக்கலாமாம், நெசவாளரிடம் மட்டும் போகக்கூடாதாம்! கடைசிப் பிரசங்கம் செய்து விடைபெறக்கூட விடவில்லை.

1662இல் வந்த சட்டம், அரசாங்க ஜெபப் புத்தகம் முழுவதையும் ஒப்புக்கொள்ளாத குருமாரை வெளியே தள்ளியது. அந்தச் சில ஆண்டுகளில் பிழைப்பை இழந்தவர்கள் ஏறக்குறைய 2,000 பேர்.

சிறைக்கு வந்த கட்டில்

அதே ஆண்டு, குருமார் தனியாக இருப்பதே நல்லது என்று உபதேசித்து வந்த பாக்ஸ்டர் கல்யாணம் செய்துகொண்டார்! மணமகள் மார்கரெட் சார்ல்டன், ஏறக்குறைய இருபது வயது இளையவள். ஊர் வாய் சும்மா இருக்குமா? அவர் விதித்த நிபந்தனைகள் விசித்திரமானவை. அவள் சொத்தில் காலணா எனக்கு வேண்டாம், அவள் சொத்து விவகாரங்களில் என்னை இழுக்கக்கூடாது, ஊழியத்துக்கு வேண்டிய நேரத்தைக் கேட்கக்கூடாது என்றார். மார்கரெட் சம்மதித்தாள். 1669இல் சட்டவிரோதமாகப் பிரசங்கித்தார் என்று அவரைச் சிறையில் போட்டபோது, வீட்டிலிருந்த நல்ல கட்டிலைத் தூக்கிக்கொண்டு தானும் சிறைக்குக் குடிவந்தாள்! 1681இல் அவள் இறந்தாள். அந்த ஆண்டே அவள் சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். அவருடைய தடித்த வேத நூல்களைவிட அதைப் படிக்கவே மனம் போகிறது.

நான்கு வருஷம் கழித்துத்தான் ஜெப்ரீசின் வழக்கு. அபராதம் கட்டாமல் சிறையிலேயே இருந்து 1686 நவம்பரில் வெளிவந்தார். நீதிபதி ஜெப்ரீஸோ, மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் ஓடிப்போன பின் மாலுமி வேஷத்தில் தப்பப் பார்த்துப் பிடிபட்டு, 1689இல் லண்டன் கோபுரச் சிறையில் இறந்தார். பாக்ஸ்டர் 1691 டிசம்பர் 8 வரை இருந்தார்.

குறையில்லாதவரல்ல. பேய், சூனியக்காரிகள் உண்டு என்று கடைசிக் காலத்தில் ஒரு புத்தகமே போட்டார். ஆனால் ஆப்பிரிக்கரைப் பிடித்துக் கொண்டுபோய் விற்கிறவர்கள் திருடரிலும் கொடிய திருடர் என்று 1673இலேயே எழுதியவரும் அவரே. அடிமை முறை முழுவதையும் அவர் தள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அவர் புகழ் எதிர்பாராத இடத்திலும் முளைத்தது. ஜெர்மன் அறிஞர் மாக்ஸ் வேபர் 1904-05இல் முதலாளித்துவத்தின் மூலத்தை ஆராய்ந்தபோது பாக்ஸ்டரைத்தான் முக்கிய சாட்சியாக நிறுத்தினார். உழைப்பு கடமை, நேரத்தை வீணாக்குவது பாவம் என்ற உபதேசம் பணம் சேர்க்கும் மனோபாவத்தை வளர்த்தது என்பது அவர் வாதம். சொத்து, வேண்டும்போது கழற்றி எறியும் மேலங்கி போல இருக்கட்டும் என்றார் பாக்ஸ்டர். அந்த மேலங்கி இரும்புக் கூடாகிவிட்டது என்றார் வேபர்.

1875இல் கிட்டர்மின்ஸ்டரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அரசாங்கச் சபையாரும், அதை விட்டுப் பிரிந்தவர்களும் சேர்ந்தே பணம் போட்டார்கள். கடைத்தெருவில் நின்ற அந்தச் சிலையை 1967இல் நகர்த்தி, செயின்ட் மேரி தேவாலயத்தின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அவர் திரும்ப வரக் கேட்டு, விடாமல் தடுத்த அதே தேவாலயம்.