சாத்தம் ஆலையில் ரம்பத்தின் கணக்கு

அந்தமானில், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரை ஒட்டிய சாத்தம் தீவில், 1883இல் தொடங்கப்பட்ட அரசு மர அறுவை ஆலை, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் சேதமுற்று மீண்டு எழுந்தது. வேங்கையின் பேரினத்தைச் சேர்ந்த படாக்கும், குர்ஜன் முதலிய பிற மரங்களும் இங்கே பலகைகளாகின்றன. அந்தமான் காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி, பெருநிலப்பகுதிக்கு மரம் அனுப்புவதையும் தடுத்து உச்ச நீதிமன்றம் 2002இல் பிறப்பித்த ஆணைக்குப் பின்னர், நிறைய அறுப்பதே உற்பத்தித்திறன் என்ற பழைய எண்ணம் இத்தீவுகளில் பொருளிழந்தது. கிடைக்கும் மரத்திலிருந்து எவ்வளவு பலகை தேறுகிறது என்பதே இனி அதன் அளவுகோல்.

ரம்பம் செல்லும் வழியில் தூளாகிப்போகும் மரத்தின் அகலத்தை வெட்டுத்தடம் எனலாம். வட்ட ரம்பத்தின் தடம் 6 மில்லிமீட்டர், வார்போல் ஓடும் பட்டை ரம்பத்தின் தடம் 3 மில்லிமீட்டர் என்று கொண்டால், பத்து வெட்டுகளில் மிச்சமாகும் 30 மில்லிமீட்டரில் ஓர் அங்குலப் பலகையே கிடைத்துவிடும். ஆனால் மெல்லிய ரம்பம் கூர்மழுங்கினால் சூடேறி நேர்க்கோட்டிலிருந்து விலகுவதால், பலகையின் கனம் ஒரு முனையில் கூடி மறுமுனையில் குறைகிறது. ஈரப்பதம் மிகுந்த தீவில் பலகையைச் சரியாக உலர்த்தாமல் விட்டால், கதவாகப் பொருத்திய பின்னரும் அது கோணும்.

விபத்தும் பல நேரங்களில் இதே மழுங்கலிலிருந்து பிறக்கிறது. கூரற்ற வட்ட ரம்பத்தில் மரத்தை வலிந்து தள்ள நேரும்போது கை நழுவக்கூடும். அறுபட்ட பிளவு மூடிக்கொண்டு ரம்பத்தை இறுக்கினால், பலகை தொழிலாளியை நோக்கியே தெறிக்கும். பிளவு மூடாதபடி ரம்பத்தின் பின்னால் ஒரு தகட்டைப் பொருத்துவது இதைத் தடுக்கவே. இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்குக் காப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தபோதிலும், வேகத்துக்காக அதைக் கழற்றிவைக்கும் வழக்கம் சிறு பட்டறைகளில் நீடிக்கிறது. விபத்தால் நிற்கும் நாட்களைச் சேர்த்துப் பார்த்தால் அந்த வேகம் வெறும் தோற்றமே. கண்ணுக்குத் தெரியும் காயத்தைவிட மெதுவாக வரும் கேடு மரத்தூள்: அதை நெடுநாள் சுவாசிப்பது மூக்கறைப் புற்றுநோய்க்குக் காரணமாவதால் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோயூக்கியாக வகைப்படுத்தியிருக்கிறது. ரம்பத்தின் வாயிலேயே தூளை உறிஞ்சும் குழாய், தொழிலாளியின் நுரையீரலுக்கு மட்டுமின்றி, வெட்டுக்கோடு தூளில் மறையாதபடி செய்வதால் பலகைக்கும் காப்பாகிறது.