அருகில் இருப்பது எது?

சந்தவாசல் பகுதியிலிருந்து பக்கவாத நோயாளியை அழைத்து வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பது, "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்பதே. இரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தில், அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். தறியில் அமர்ந்திருந்தவர் சரிந்தபின், வண்டி தேடுவதிலேயே அந்நேரத்தின் பெரும்பகுதி கழிந்துவிடுவதுண்டு.

தமிழகத்தில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அருகிலுள்ள வண்டியைக் கண்டறிய இடமறியும் கருவிகள் உதவுகின்றன. கணினிக்கு ஊர்ப்பெயரைவிட அட்சரேகை, தீர்க்கரேகை என்னும் இரண்டு எண்களே தெளிவானவை. இத்தகைய தேடலில் பட்டியலிலுள்ள எல்லா இடங்களையும் அளந்து பார்ப்பதில்லை. அழைத்தவரைச் சுற்றி ஒரு சதுரம் வகுத்து, அதற்குள் வருவனவற்றுக்கு மட்டும் தொலைவைக் கணக்கிடுவது வழக்கம். பூமி உருண்டை என்பதால் வெறும் கழித்தல் கணக்கு போதாது: வடக்கு தெற்காக ஒரு பாகை சுமார் 111 கி.மீ.; நம் பகுதியில் கிழக்கு மேற்காக அது சுமார் 108 கி.மீ.தான்.

ஆனால் அந்தத் தொலைவு பறவை பறக்கும் தொலைவு. மேற்கே சவ்வாது மலை நிற்கும் நம் பகுதியில் அதை அப்படியே நம்ப இயலாது. சாலை வழியே எத்தனை நிமிடம் என்பதே கணக்கு. மருத்துவமனைக்கும் இது பொருந்தும். பக்கவாதத்திற்கு சி.டி. ஸ்கேன் எடுத்து, இரத்தக்கசிவு இல்லையென்று உறுதி செய்த பின்னரே அந்த ஊசியைப் போட முடியும். ஆகவே, ஸ்கேன் வசதியற்ற பக்கத்து மருத்துவமனையைவிட, வேலூர் அடுக்கம்பாறை அல்லது திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரே செல்வது பல வேளைகளில் நேரத்தை மிச்சப்படுத்தும். எங்கு செல்வதென்று 108 ஊழியரிடமே கேளுங்கள்.

இன்றே ஒரு சிறு வேலை செய்து வைக்கலாம். கைப்பேசியின் வரைபடத்தில் உங்கள் வீட்டின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அவ்விரண்டு எண்களும் தோன்றும். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வரை எழுதிக்கொள்ளுங்கள். முதல் இலக்கம் ஒன்று பிசகினால் ஏறத்தாழ 11 கி.மீ. தள்ளிப்போகும், நான்காவது பிசகினால் 11 மீட்டர்தான். உடன் தெருப்பெயர், பக்கத்துக் கோயில் அல்லது பள்ளியின் பெயரையும் எழுதி, வீட்டிலுள்ள முதியவர் கண்ணில் படுமாறு சுவரில் ஒட்டுங்கள். அழைத்தபின் கைப்பேசியை வேறு பேச்சுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஓட்டுநர் அந்த எண்ணுக்கே திரும்ப அழைப்பார். ஒருவர் தெருமுனைக்குச் சென்று நிற்கட்டும்.