'பயம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று காத்திருக்கிறீர்களா? ஆரணித் தறி வீடுகள் சொல்லும் சேதி!

மழைக்காலம் வந்தால் ஆரணி நெசவாளர் வீடுகளுக்குள் கவலையும் சேர்ந்தே வந்துவிடும். குழித்தறியில் ஈரம் ஏறும். தெருவில் பாவு விரித்து வேலை பார்க்க முடியாது. தறி நின்றால் கூலியும் நின்றுவிடும். வெயில் காலத்திலும் நிம்மதி இல்லை. வாங்கிய முன்பணம், விசைத்தறியின் போட்டி, 'நமக்குப் பிறகு இந்தத் தறியில் யார் உட்காருவார்கள்?' என்ற கேள்வி... ஆரணி மட்டுமல்ல, தேவிகாபுரம், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம் என்று தறிச்சத்தம் கேட்கும் சுற்றுவட்டார ஊர்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. குறிப்பிட்ட ரகங்களைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்று 1985-ம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. ஆனாலும், கைத்தறி என்ற பெயரில் விசைத்தறிச் சேலை விற்கப்படுகிறது என்பது நெசவாளர்களின் நெடுநாள் புகார். ஆகவே, இவர்களின் பயம் வெறும் கற்பனை அல்ல.

சிக்கல், அந்தப் பயத்திலிருந்து தப்பிக்க நாம் செய்யும் காரியங்களில் இருக்கிறது. கடன் கணக்கு நோட்டைத் திறக்காமல் வைப்பது. முதலாளியின் போன் வந்தால் எடுக்காமல் விடுவது. சங்கக் கூட்டத்தில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் திரும்புவது. மகளுக்குச் சென்னைக் கல்லூரியில் இடம் கிடைத்தும், 'தனியா எப்படிம்மா விடறது?' என்று தள்ளிப்போடுவது. அந்த நிமிடத்துக்கு நெஞ்சு லேசாகும். அந்த நிம்மதிதான் வினை. 'ஒதுங்கினால் தப்பிக்கலாம்' என்று மனசு கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக ஒதுங்கச் சொல்கிறது. கந்து வட்டி மாதிரி, கட்டக் கட்ட ஏறும்.

இதை அனுபவித்தே தெரிந்துகொண்டவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ். 1978-ல், பேராசிரியர்கள் சண்டை போட்டுக்கொண்ட ஒரு துறைக் கூட்டத்தில் பேச வாயைத் திறந்தார். சத்தமே வரவில்லை. அதன் பிறகு பதற்றம் வரும் இடங்களைத் தவிர்க்கத் தவிர்க்க, பதற்றம்தான் வளர்ந்தது. படித்த படிப்பு கைகொடுக்கவில்லை. கடைசியில், பயத்தை விரட்டும் சண்டையைக் கைவிட்டு, அதைக் கூடவே வைத்துக்கொண்டு முக்கியமானதைச் செய்வது என்ற வழிக்கு வந்தார். அவரும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய சிகிச்சை முறை இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட மன அழுத்தக் கையேடும் இந்த முறையைத் தழுவியதுதான். அந்த நிறுவனத்தின் இதே பயிற்சி, உகாண்டா முகாம்களில் இருந்த தெற்கு சூடான் அகதிப் பெண்களிடமும் பரிசோதிக்கப்பட்டது.

வாய் வராமல் போனதில் ஹேய்ஸுக்கு நம்மூரிலேயே ஒரு முன்னோடி உண்டு. பம்பாய் நீதிமன்றத்தில் தன் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, தலைசுற்றி, பேச முடியாமல் உட்கார்ந்துவிட்ட இளம் வழக்கறிஞர். பெயர் காந்தி. அவரே 1921 செப்டம்பர் 22-ல் மதுரையில் அரை வேட்டிக்கு மாறினார். அந்த எண்ணம் முன்பே வந்தும் தயங்கியிருந்தார். 'கதர் வாங்க எங்களிடம் காசில்லை' என்று ஏழைகள் சொன்னது, தயக்கத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

இங்கே ஒரு நுட்பம். 'மகளைப் பட்டதாரி ஆக்குவேன்' என்பது இலக்கு. பட்டம் கையில் வந்ததும் முடிந்துவிடும். 'பிள்ளைகளுக்குத் துணையாக நிற்கும் அப்பாவாக இருப்பேன்', 'சுத்த ஜரிகை என்று சொன்னால் அது சுத்த ஜரிகையாகவே இருக்கும்' என்பவை மதிப்பீடுகள். அவை முடிவதில்லை. தினமும் நெய்ய வேண்டியவை.

அதற்காக, 'பயப்படாதே, தறியை விடாதே' என்று யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை. தறியை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போவது கோழைத்தனமும் இல்லை, தறியைக் கட்டிக்கொண்டு இருப்பது வீரமும் இல்லை. பிள்ளையின் படிப்புக்காக யோசித்து முடிவெடுத்து ஒருவர் தறியை விடலாம். வெளியுலகத்துக்குப் பயந்து இன்னொருவர் தறிக்குழியிலேயே உட்கார்ந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, அவரவருக்குத்தான் தெரியும். கூலியும் சட்டமும் சரியாக இல்லாத இடத்தில் மனசை மட்டும் பழக்கச் சொல்வதும் நியாயமாகாது. ஆனால், கூலியைக் கேட்கச் சங்கத்தில் எழுந்து நிற்கவும் அதே நடுக்கத்தோடுதானே எழ வேண்டியிருக்கிறது?

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. 'இந்தப் பயம் மட்டும் இல்லையென்றால் இந்த வாரம் என்ன செய்திருப்பேன்?' என்று எழுதுங்கள். அதில் ஆகச் சிறியதை எடுத்துக்கொண்டு, பயம் இருக்கும்போதே செய்யுங்கள். கணக்கு நோட்டின் ஒரே ஒரு பக்கம் போதும். எடுக்காமல் விட்ட ஒரு போன் போதும். நெஞ்சு படபடக்கும். படபடக்கட்டும். பாவில் இழை அறுந்தால் தறியை மூடிவிட்டு யாரும் எழுந்து போவதில்லை. முடிச்சுப் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து நாடாவை ஓட்டுகிறார்கள்.

தூக்கமே போய்விட்டது, வேலையில் உட்காரவே முடியவில்லை, வாழ்வதில் பொருளில்லை என்று தோன்றுகிறது என்றால், இந்தச் சுயமுயற்சி மட்டும் போதாது. மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.