தீவகத்தில் ஒரு கிடையூசல்: வீட்டிற் செய்யும் நிலநடுக்கப் பதிகருவியும் அதன் கோளாறுகளும்

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாட் காலை சுமாத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடித்தரை பிளந்தது. அங்கு எழுந்த முதன்மையலை ஏறக்குறைய 1900 கிலோமீற்றர் தூரத்தைக் கடந்து நெடுந்தீவின் கற்றரையை அடைவதற்கு நான்கு நிமிடங்களே போதும். கடற்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சென்றது. அவ்விடைவேளையில் முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் மக்கள் தத்தம் காலை வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தனர். கண்டிக்கு அண்மையிலுள்ள பல்லேகலையில் அனைத்துலக வலையமைப்பைச் சேர்ந்த பதிவு நிலையமொன்று அப்போது இயங்கிக்கொண்டுதான் இருந்தது. அதிர்வை அது பதிவும் செய்தது. கருவியிலிருந்து கரைக்குச் செய்தி செல்லும் வழிதான் இருக்கவில்லை. நாடெங்கும் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இந்நிகழ்ச்சியின் பின்னர், நிலநடுக்கத்தைப் பதியும் கருவியை எமது கைகளாலேயே செய்யமுடியுமா என்னும் வினா எம்மிடையே எழுந்தது. செய்யமுடியும். ஆயின் அது ஆபத்தை அறிவிக்கும் கருவியாகாது என்பதை முதலிலேயே கூறிவிடவேண்டும். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய இடங்களில் அத்தகைய கருவியொன்றை அமைப்பதெப்படி, அமைத்தபின் அது ஏன் சொன்னபடி கேட்பதில்லை என்பவற்றையே இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

நிலம் அசையும்போது அசையாமல் நிற்கும் பொருளொன்று எமக்குத் தேவை. அப்பொருளுக்கும் நிலத்துக்குமிடையே ஏற்படும் வேறுபாடே பதிவாகும். நூலிற் கட்டித் தொங்கவிட்ட குண்டு இதற்கு உதவுமெனத் தோன்றலாம். ஆயின் தொலைவிலிருந்து வரும் மேற்பரப்பலைகள் ஏறக்குறைய 20 செக்கன் அலைவுகாலம் கொண்டவை. அத்துணை மெதுவாக நிலம் அசையும்போது சிறிய ஊசல் நிலத்தோடு கூடவே சென்றுவிடும். அலைவுகாலம் 15 செக்கனாக வேண்டுமெனின் நூலின் நீளம் 56 மீற்றர், அதாவது ஏறக்குறைய இரு பனை உயரம், இருத்தல் வேண்டும். அதற்கேற்ற வீடு எவரிடத்தும் இல்லை.

இதற்கு விடை எமது வீட்டுப் படலையிலேயே இருக்கின்றது. நேர்நிலைக்குத்தாக நட்ட தூணிற் பூட்டிய படலை விட்ட இடத்தில் நிற்கும். தூண் ஒரு பக்கம் சற்றே சாய்ந்திருப்பின் படலை மெல்ல ஆடி, சாய்ந்த பக்கத்தில் வந்து ஓயும். சாய்வு குறையக் குறைய ஆட்டம் மெதுவாகும். 60 சென்ரிமீற்றர் நீளமுள்ள கையொன்றைக் கிடையாகப் பூட்டி, அதன் சுழலச்சை நிலைக்குத்திலிருந்து 0.6 பாகை மட்டும் சாய்த்துவிட்டால் 15 செக்கன் கிடைத்துவிடுகின்றது. இரு பனை உயரம் ஒரு மேசைக்குள் அடங்கிவிடுகின்றது. இதுவே கிடையூசல்.

இத்தத்துவம் புதியதன்று. 1889இல் ஜேர்மனியின் பொற்ஸ்டாம் நகரில் றெபொயர்-பாஷ்விற்ஸ் என்பார் வேறொரு நோக்கத்துக்காக அமைத்திருந்த கிடையூசல், யப்பானில் நிகழ்ந்த நடுக்கத்தைப் பதிந்தது. தொலைதூர நிலநடுக்கம் கருவியொன்றிற் பதிவானதாக இனங்காணப்பட்டமை அதுவே முதற்றடவை. ஜோன் மில்ன் அமைத்த கிடையூசல்கள் பின்னர் உலகெங்கும் அனுப்பப்பட்டன. 1897ஆம் ஆண்டின் அசாம் பேரதிர்ச்சியைத் தொடர்ந்து கல்கத்தாவிலும் பம்பாயிலும் பதிகருவிகள் வைக்கப்பட்டன. தமிழ்நாட்டிற் கொடைக்கானல் வானாய்வு நிலையம் 1899இல் ஒன்றைப் பெற்றது. இவையெல்லாம் அரசுகளின் கருவிகள். சாதாரண மனிதர் தம் வீட்டில் இதனைச் செய்யும் வழக்கம் பரவியதற்கு, 1979இல் 'சயன்ரிபிக் அமெரிக்கன்' இதழில் வெளிவந்த லேமனின் கருவி பற்றிய விளக்கம் பெருங்காரணமாயிற்று. நாம் கூறப்போவது அவ்வகைக் கருவியையே.

தடித்த இரும்புச் சட்டமொன்றின் ஒரு முனையில் அரை மீற்றர் உயரமான தூண். தூணின் அடியிற் பதித்த கூர்முனையொன்றிற் கையின் உள்முனை சாய்ந்து நிற்கும். தூணின் உச்சியிலிருந்து வரும் மெல்லிய உருக்குக் கம்பி கையின் புறப்பகுதியைத் தாங்கும். வயலின் கம்பி இதற்குப் போதுமானது. கை பித்தளைக் குழாயாகவோ அலுமினியக் குழாயாகவோ இருத்தல் வேண்டும். இரும்பாயின் அருகிலிருக்கும் காந்தம் அதனைப் பிடித்துக்கொள்ளும். பாரத்துக்கு மீன்வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை உருக்கி இரண்டு கிலோ அளவில் வார்த்துக்கொள்ளலாம். தீவகத்தில் இது கிடைக்காத துறைமுகம் இல்லை. கையின் நுனியிற் காந்தம்; அதனருகே, சட்டத்தோடு பிணைத்த செப்புக் கம்பிச் சுருள். நிலம் அசைய, காந்தத்துக்கும் சுருளுக்குமிடையே அசைவு ஏற்பட்டுச் சிறு மின்னழுத்தம் பிறக்கும். அதனை விரியலாக்கியொன்றாற் பன்மடங்கு பெருக்கிக் கணினியிற் சேர்க்கவேண்டும். முற்காலத்துப் புகைக்கரித் தாளும் உருளையும் இன்று வேண்டியதில்லை.

ஒரு கை ஒரு திசையசைவை மட்டுமே அறியும். வடக்குத் தெற்காக நீட்டிய கை கிழக்கு மேற்கு அசைவையே காட்டும். தீவகத்திலிருந்து பார்க்கச் சுமாத்திரா கிழக்குத் தென்கிழக்கே உள்ளது. முதன்மையலை வரும் வழியிலேயே நிலத்தை அசைப்பதால் வடக்குத் தெற்குக் கையே எமக்கு முதலில் வேண்டியது. துணையலை அதற்குக் குறுக்காகவும் அசைக்கும். ஆகவே இயன்றவர்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு கருவிகளை அமைத்தல் நன்று.

இனித் தணித்தல். தணிப்பில்லாத ஊசல் ஒருமுறை தட்டப்பட்டால் அரை மணி நேரம் தன் ஆட்டத்தையே எழுதிக்கொண்டிருக்கும். முதலலை எது, பின்னலை எது என்று பிரித்தறிய இயலாது. கையிற் பொருத்திய தடித்த செப்புத் தகடொன்று வலிய காந்தங்களினிடையே ஆடுமாறு செய்தால் தகட்டிலெழும் சுழிப்பு மின்னோட்டம் ஆட்டத்தை அடக்கும். கையை ஒரு புறம் தள்ளி விடுக. அது நடுநிலையைத் தாண்டி மறுபுறம் தள்ளிய தூரத்தின் இருபதிலொரு பங்களவே சென்று திரும்பி ஓயுமாயின் தணிப்புச் சரியானது. எண்ணெய்ப் பாத்திரத்தில் துடுப்பொன்றை அமிழ்த்துவதும் வழக்கம். ஆயினும் வெப்பத்தோடு எண்ணெயின் பிசுபிசுப்பு மாறுவதாலும் எறும்புகள் அதனைத் தேடி வருவதாலும் நாம் அதனை விரும்புவதில்லை.

கருவியைச் செய்வது ஒரு வாரத்து வேலை. அதனை நம்பக்கூடியதாக்குவது ஓராண்டு வேலை. வேலணைப் பகுதியில் பழைய வீடொன்றின் களஞ்சிய அறையில் நாம் அமைத்த முதற் கருவி, தொடக்க நாள்களில் நிலநடுக்கத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பதிந்தது. அறைக்குள் ஒருவர் நுழைந்தவுடன் கை ஒரு புறம் ஓடிற்று. வெளியேறியதும் மெல்லத் திரும்பிற்று. கையின் மூட்டிலேயே பிழையென எண்ணிப் பலமுறை கழற்றிப் பூட்டினோம். பிழை எமது உடற்பாரத்தில் இருந்தது. கணக்கைப் பார்த்தால் வியப்பில்லை: அரை மீற்றர் அகலச் சட்டத்தின் ஒரு காலின் கீழ்த் தலைமயிரொன்றின் தடிப்பளவு உயர்வு ஏற்பட்டாற் போதும், நிலம் 0.01 பாகை சாய்ந்து, கையின் நுனி ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் விலகிவிடும். மனிதரொருவரின் பாரம் மெல்லிய சீமெந்துத் தரையை அவ்வளவுக்கு வளைக்க வல்லது.

பரிகாரம், தரையை உடைத்துக் கல்லைத் தேடுவதே. இவ்விடயத்தில் தீவகம் கொடுத்துவைத்தது. குடாநாடும் தீவுகளும் மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தவை. நெடுந்தீவில் மண் மிக மெல்லியது, கல் பல இடங்களில் வெளியே தெரிகின்றது. பவளக் கல்லை அடுக்கி வேலி கட்டும் ஊரிற் கல்லைத் தேடி எவரும் ஆழத் தோண்டவேண்டியதில்லை. அக்கல்லின்மீது நேரடியாகச் சீமெந்துப் பீடமொன்றைக் கட்டி, பீடத்துக்கும் வீட்டுத் தரைக்குமிடையே விரலளவு இடைவெளி விடுதல் வேண்டும். இவ்வாறு செய்தபின் அறைக்குள் நடந்தால் வரும் விலகல் பெரிதும் குறைந்தது. ஆயினும் சுண்ணாம்புக் கல் குகைகளும் வெடிப்புகளும் நிறைந்தது. கிணற்றுக்கு அருகே பீடம் அமைப்பதைத் தவிர்த்தல் நல்லது.

அடுத்த தொல்லை காலையில் ஒரு புறமும் பிற்பகலில் மறுபுறமுமாகக் கை நகர்வது. கூரையும் சுவரும் வெப்பத்தால் விரிகின்றன, சட்டமும் விரிகின்றது. மெதுவான இந்நகர்வு பதிவைக் கெடுக்காது, கை தடையில் முட்டாதவரை. கெடுப்பது பெட்டிக்குள் சுற்றும் காற்று. அடி சூடாகவும் மேல் குளிராகவும் இருந்தாற் காற்று எழுந்து சுழன்று கையைத் தள்ளும்; தாளில் அது ஒழுங்கற்ற நீண்ட வளைவுகளாகத் தோன்றும். ஆதலாற் பெட்டியை எல்லாப் புறமும் நுரைப்பலகையால் மூடி, உள்ளே வெற்றிடம் குறைவாக இருக்கும்படி செய்தோம். விரியலாக்கியைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தது எமது அறியாமை; அதன் சிறு சூடே காற்றைக் கிளப்பியது. வெளியே எடுத்ததும் கோடு நேராயிற்று.

உப்புக்காற்றுப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. சாதாரண உருக்கு ஊசிமுனை சில மாதங்களில் துருவேறி உராய்வைக் கூட்டிவிடும். இதனைக் கண்டறிய எளிய சோதனையொன்று உண்டு. கையை வலப்புறம் மெல்லத் தள்ளி விடுக, எங்கே ஓய்கின்றதெனக் குறிக்க. பின் இடப்புறம் தள்ளி விடுக. ஓயும் இடம் இரண்டும் ஒன்றாக இல்லையெனின் மூட்டிற் பழுதுண்டு. துருப்பிடியா உருக்குக் குண்டொன்று தட்டையான கடினத் தகட்டிற் சாய்ந்து நிற்கும்படி மாற்றியபின் எமக்கு இத்தொல்லை இருக்கவில்லை. இச்சோதனை சிலந்தியையும் காட்டிக்கொடுக்கும். கண்ணுக்குப் புலப்படாத நூலிழையொன்று கையையும் சட்டத்தையும் பிணைத்திருந்தால் அலைவுகாலம் திடீரெனக் குறையும். கருவி ஏன் மந்தமாயிற்று என்று மூன்று நாள் மின்சுற்றைச் சோதித்தபின் நாம் கண்டது ஒரு சிறு சிலந்தியை.

எதிர்மாறான கோளாறும் உண்டு. அலைவுகாலத்தை மேலும் கூட்ட ஆசைப்பட்டுச் சாய்வை ஒரேயடியாகக் குறைத்தாற் கை நடுவில் நிற்க மறுத்து ஏதேனுமொரு புறம் விழுந்துவிடும். 15 செக்கனிலிருந்து 20 செக்கனுக்குச் செல்ல, அரை மீற்றர்ச் சட்டத்தின் முனை இரண்டரை மில்லிமீற்றர்கூட அசையவேண்டியதில்லை. திருகாணியைக் காற்சுற்றாகத் திருப்பி, அறையை விட்டு வெளியேறி, காத்திருந்து பார்த்தல் வேண்டும். பொறுமையற்றவர்களுக்கு இக்கருவி உகந்ததன்று.

மின்சாரத்தாலும் சிக்கல். நீண்ட இணைப்புக் கம்பி 50 ஹேர்ட்ஸ் இரைச்சலை ஏந்திவரும். நெடுந்தீவு, நயினாதீவு போன்றவை நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பி வந்தவை. தடைப்பட்டு மீளும் மின்சாரம் ஒவ்வொரு முறையும் ஒரு பொய்நடுக்கத்தை எழுதும். பற்றரியில் இயங்கவைத்து, கவசமிட்ட கம்பி கொண்டு, தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் விடும் வடிகட்டியொன்றைச் சேர்த்தால் இது தீரும். சோளகம் வீசும் மாதங்களிற் பனைகள் ஆட, வேர் வழியாக நிலமும் ஆடும். பனைக்கு அருகில் அமைக்காதிருப்பதே இதற்கு வழி. ஆயினும் தீவகத்திற் பனையில்லாத காணியைத் தேடுவது எளிதன்று.

எல்லாவற்றையும் சரிசெய்தபின்னும் கோடு ஓயாமற் சிற்றலையாக நடுங்கிக்கொண்டேயிருக்கும். இது கோளாறன்று, கடல். எதிரெதிர்த் திசைகளிற் செல்லும் கடலலைகள் சந்திக்குமிடத்து அடித்தரையில் அழுத்தம் ஏற்படுகின்றது. அவ்வழுத்தத்தின் காலம் அலையின் காலத்திற் பாதி என்பதை 1950இல் லொங்கே-ஹிக்கின்ஸ் விளக்கினார். ஆழங்குறைந்த பாக்குக் குடாவின் அலைகள் குறுகியவை. வங்காள விரிகுடாவில் வாடைக்காற்றும் புயலும் எழுப்பும் அலைகள் நீண்டவை. ஆகவே கோட்டின் நடுக்கம் மெதுவாகிப் பெருக்குமாயின் தொலைவிற் கடல் கொந்தளிக்கின்றதென ஊகிக்கலாம். நிலநடுக்கமே வராத மாதங்களில் எமது கருவி எமக்குச் சொன்ன செய்தி பெரும்பாலும் இதுவே.

கண்டி, திகன பகுதியில் 2020இல் உணரப்பட்டவை போன்ற சிறு உள்ளூர் அதிர்வுகளுக்கு இக்கருவி பொருந்தாது. அவை செக்கனுக்குப் பலமுறை அதிர்வன. அவற்றுக்குக் குறுகிய அலைவுகாலக் கருவி வேண்டும்.

பதிவை வாசிக்கையில் நேரமே முதன்மையானது. முதன்மையலைக்கும் துணையலைக்குமிடையே உள்ள காலம் தூரத்தைத் தரும். 2004இன் நடுக்கத்துக்கு அவ்விடைவெளி தீவகத்தில் மூன்று நிமிடங்களுக்குச் சற்று அதிகம். ஆயின் எந்த நேரத்தை எழுதுவது? அன்று இலங்கை அரசின் கடிகாரம் அனைத்துலக நேரத்துக்கு ஆறு மணி முன்னே ஓடிற்று. 1996இன் நேரமாற்றத்தை ஏற்காத விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் ஐந்தரை மணி முன்னே. ஒரே நடுக்கம் ஒரு சோதனைச் சாவடிக்கு இப்புறம் 6.58க்கும் அப்புறம் 6.28க்கும் நிகழ்ந்தது. 2006 ஏப்ரலில் நாடு முழுதும் ஐந்தரைக்குத் திரும்பியது. ஆதலாற் பதிவேட்டில் அனைத்துலக நேரத்தையே எழுதுக. செய்மதி நேரங்காட்டி இன்று மலிவாகக் கிடைக்கின்றது.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் 2.08 மணிக்குச் சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 அளவான நடுக்கம் நிகழ்ந்தது. கரையோர மக்கள் அன்று எச்சரிக்கப்பட்டு உள்நோக்கி நகர்ந்தனர். தீவகத்துக்கு அதன் அலையிடைவெளி மூன்று நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவு. 2004இன் பதிவோடு ஒப்பிடின் ஒற்றைக் கையின் கோட்டில் இரண்டும் உடன்பிறந்தார் போலத் தோன்றும். ஆயினும் 2012இல் தட்டுப் பகுதிகள் பக்கவாட்டில் வழுக்கினவேயன்றிக் கடலடித்தரையை உயர்த்தவில்லை, பேரலை எழவில்லை. இவ்வேறுபாட்டை எமது படலைக் கருவி சொல்லாது. இத்தகைய பெருநடுக்கங்களிற் கை தடையில் முட்டி, கோடு தட்டையாக வெட்டுண்டுபோவதும் உண்டு. அதற்காக ஒரே சுருளிலிருந்து இரண்டு தடங்களை எடுத்து, ஒன்றை நூறிலொரு பங்கு பெருக்கத்தில் வைத்திருக்கின்றோம். கை முட்டுவதை அது தடுக்காது. விரியலாக்கி நிரம்பி வெட்டுவதையாவது தவிர்க்கும். தடைகளை இன்னும் ஒரு சென்ரிமீற்றர் விலக்கிவைத்தல் அடுத்த வேலையாகும்.