அரிய சொற்களும் அடிக்கடி வரும் சொற்களும்

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்க விரும்புவோர் பலர் அகராதியின் மூலைமுடுக்கிலுள்ள அரிய சொற்களைத் தேடி மனப்பாடம் செய்ய முற்படுகின்றனர்; போட்டித் தேர்வு வழிகாட்டி நூல்களும் அந்த ஆசைக்கே தீனி போடுகின்றன. ஆனால் உயர்நிலைச் சொல்வளம் உண்மையில் அரிய சொற்களின் தொகுப்பு அன்று.

ஒரு சொல்லைக் கற்பதன் பயன் அது எத்தனை முறை கண்ணில் படும் என்பதைப் பொறுத்தது என்னும் அடிப்படையில், டாக்காவில் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் சுமார் 2,000 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலை 1953-இல் வெளியிட்டார். நியூசிலாந்தின் மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட், கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய துறைகளின் நூல்களிலிருந்தும் கட்டுரைகளிலிருந்தும் ஏறத்தாழ 35 லட்சம் சொற்களைத் திரட்டிக் கணினியால் ஆராய்ந்து, வெஸ்ட்டின் பட்டியலில் இடம்பெறாத, ஆனால் எல்லாத் துறைகளிலும் திரும்பத் திரும்ப வருகின்ற 570 சொற்குடும்பங்களை 2000-இல் வகுத்தளித்தார். ஒரே அடிச்சொல்லிலிருந்து கிளைத்த வடிவங்களின் கூட்டமே சொற்குடும்பம் எனப்படும். அனலைஸ், அனாலிசிஸ், அனலிஸ்ட், அனலிட்டிகல் ஆகியவை ஒரு குடும்பம். கல்வித்துறை எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இக்குடும்பங்களே நிரப்புகின்றன. கதை நூல்களிலோ அவற்றின் பங்கு நூற்றுக்கு இரண்டைக்கூட எட்டுவதில்லை. ஆகவே, எதைப் படிப்பதற்காகக் கற்கிறோம் என்று தீர்மானிக்காமல் பட்டியலைக் கையிலெடுப்பது வீண் உழைப்பாகிவிடும்.

பட்டியலோடு நின்றுவிடவும் இயலாது. நாவலையோ நாளிதழையோ பிறர் உதவியின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் மதிப்பிட்டார். ஐம்பது சொற்களுக்கு ஒன்று மட்டுமே புதிதாக இருக்கும் நிலை அது. இத்தனை சொற்களையும் உருப்போட்டு முடிப்பது நடவாத காரியம் என்பதால், தரத்திற்கேற்ற நூல்களை நிறைய வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பொருளை மட்டும் அறிந்தவர் எழுதும்போது அகப்பட்டுக்கொள்வது சொல்லின் இலக்கணத்திலும் சொற்சேர்க்கையிலும்தான். எந்தச் சொல் எதனோடு இயல்பாக இணையும் என்பதே சொற்சேர்க்கை. எவிடென்ஸ் என்பதற்குச் சான்று என்று அறிந்த மாணவர், சான்றுகள் என எண்ணி எவிடென்சஸ் என்று எழுதிவிடுகிறார். அச்சொல் பொதுவாகப் பன்மை ஏற்பதில்லை. ரிசர்ச் என்பதோடு கண்டக்ட் சேரும், மேக் சேராது. இவற்றுக்கு விதி தேடுவதைவிட முழுத் தொடராகவே மனத்தில் பதித்துக்கொள்வது எளிது. இதழாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் விளக்கிய அட்டைப்பெட்டி முறை இதற்குப் பெரிதும் ஏற்றது: சரியாக நினைவுகூர்ந்த அட்டை அடுத்த அறைக்கு நகர்ந்து மேலும் சில நாள் கழித்தே திரும்ப வரும், தவறிய அட்டை முதல் அறைக்கே மீளும். அட்டையில் தனிச்சொல்லும் பொருளும் இருந்தால் போதாது, படித்த இடத்திலிருந்து எடுத்த வாக்கியமும் இருக்க வேண்டும்.