நின்றுபோன பராமரிப்புத் தொகை

அமெரிக்காவில் 65 வயது கடந்தோருக்காக அரசாங்கம் நடத்தும் மெடிகேர், ஆஸ்பத்திரிச் செலவையும் வைத்தியச் செலவையும் ஏற்குமேயன்றி, குளிப்பாட்டவும் உடுத்திவிடவும் மட்டுமே அமர்த்தப்படும் ஆளின் சம்பளத்தை ஏற்பதில்லையாதலால், நடுத்தர வகுப்பினர் பலர் முதுமையை உத்தேசித்து நீண்டகாலப் பராமரிப்பு இன்ஷூரன்ஸ் எடுத்துப் பல வருஷங்கள் பிரீமியம் கட்டிவருகிறார்கள். 1996-ஆம் வருஷத்துச் சட்டப்படி வரிச்சலுகை பெற்ற பாலிசிகளில், குளித்தல், உடுத்தல், உண்ணல், கழிப்பறை சென்று வருதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், மலஜலம் அடக்குதல் ஆகிய ஆறு காரியங்களுள் இரண்டையேனும் பிறர் உதவியின்றிச் செய்யவியலாத நிலை 90 நாட்களாவது நீடிக்குமென்றோ, புத்தி தடுமாற்றத்தால் தனியே விடலாகாதென்றோ வைத்தியர் அல்லது நர்ஸ் சான்றளித்தால் தொகை கிடைக்கும்.

அந்தச் சான்று வருஷந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். சங்கடம் பெரும்பாலும் அப்போதுதான் நேருகிறது. கம்பெனி அனுப்பிய நர்ஸ் கேள்வி கேட்கும்போது, அந்நியர் முன்னிலையில் தன் இயலாமையை ஒப்புக்கொள்ள நாணும் மூதாட்டி, "எல்லாம் நானே செய்துகொள்கிறேன்" என்று சொல்லிவிடுகிறாள். பராமரிக்கும் பெண் தினக்குறிப்பில் பரிவோடு எழுதிவைத்த "நன்றாக இருக்கிறார்" என்ற இரண்டு சொற்களும் அதற்கு அத்தாட்சியாகிவிடுகின்றன. தேகநிலை சீர்ப்பட்டுவிட்டதென்று கடிதம் வந்து, தொகை நின்றுவிடுகிறது. பிடித்துக்கொள்ள ஆள் இருப்பதனால் விழாதிருப்பவரை, விழவில்லை என்பதையே காரணமாக்கி, ஆள் வேண்டாதவரென்று தீர்மானிப்பது கொடிய அநியாயம். தொட்டுத் தூக்குவது மட்டுமன்று, தடுமாறினால் தாங்கும்படி அருகில் நிற்பதும் உதவியே என்று அந்நாட்டு வருமானவரி இலாகாவே 1997-ல் விளக்கியிருக்கிறது.

ஆகவே ஆட்சேபம் தெரிவிப்போர், பாலிசி முழுவதையும் நர்ஸின் அறிக்கையையும் கம்பெனியிடம் எழுத்து மூலம் கேட்டு வாங்கி, முன்பு தகுதியென்று ஒப்புக்கொண்ட நிலையில் இன்று மாறியது யாதென்று வினவ வேண்டும். வைத்தியர் தரும் கடிதம் வியாதியின் பெயரோடு நில்லாமல், எந்தக் காரியத்தில் எவ்வளவு உதவி வேண்டும், உதவியின்றேல் விளையும் அபாயம் என்ன என்பவற்றை விவரிக்க வேண்டும். இன்னொன்று: தொகை பெறுங்காலத்தில் பிரீமியத்தைத் தள்ளுபடி செய்யும் பாலிசிகள் பல உண்டு, தொகை நின்றதும் பிரீமியம் மீண்டும் தலைதூக்கும். கோபத்தில் அதைக் கட்டாமல் விட்டால் பாலிசியே காலாவதியாகி, நியாயம் நம் பக்கம் இருந்தும் பிரயோஜனமின்றிப் போகக்கூடும்.

கம்பெனி இணங்காவிடில் மாகாண இன்ஷூரன்ஸ் இலாகாவிடம் புகார் செய்யலாம். பல மாகாணங்களில் கம்பெனியைச் சாராத மறுபரிசீலனையும் உண்டு. அதன்பின் நீதிமன்றம் இருக்கிறது. தீர விசாரியாமல் தொகையை மறுப்பது முறையன்றென்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1979-ல், தேக இயலாமை இன்ஷூரன்ஸ் பற்றிய ஒரு வழக்கில், தீர்ப்பளித்திருக்கிறது.

பெற்றோருக்கு இத்தகைய பாலிசி உள்ள பிள்ளைகளைக் கேட்டுக்கொள்வதெல்லாம் இதுதான்: கம்பெனியின் நர்ஸ் வரும் தினத்தில் தவறாமல் உடனிருந்து, அவர்கள் சொல்லக் கூசுவதை நீங்கள் சொல்லுங்கள், மறுப்புக் கடிதம் வந்தால், அதில் கண்ட கெடு தேதிக்குள் பதில் எழுதிவிடுங்கள்.